அழுத்தாமல் எழுதுகிற பேனா

மார்ச் 3

குருவிக்கு,

டாக்டர் முதல் தடவை வந்த அன்றைக்கு என் கட்டிலைச் சுற்றி நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கால்மாட்டில் டாக்டர். ஜன்னல் பக்கம் உன் பெரியப்பா. அவனை ஒட்டி உன் பெரியம்மா, கையில் என் மருந்துச் சீட்டோடு. கதவில் சாய்ந்தபடி, பகலில் என்னைப் பார்த்துக்கொள்ள வருகிற ஆயா. கட்டிலுக்குப் பக்கக் கம்பி போட வந்த தச்சன்கூடச் சுத்தியலோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். என் இடது பக்கம் உன் அப்பா. இவ்வளவு பேர். ஒருத்தரையும் மறக்கமாட்டேன்.

பயப்படாதே, பாட்டிதான் எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? விடுதி அறையில் காற்று வருகிறதா?

ஜனவரியில் பக்கவாதம் வந்து விழுந்தபோது எனக்கு வலது பக்கம் போய்விட்டது. வாயும் போய்விட்டது. அதைத் தவிர ஒன்றும் போகவில்லை. டாக்டர் குனிந்து, "உங்க பேரைச் சொல்லுங்கம்மா" என்றார். என் பெயர் எனக்குத் தெரியாதா? சொல்லத்தான் பார்த்தேன். எச்சில்தான் வந்தது. "நினைவு இருக்கிற மாதிரி தெரியல" என்றார். அப்புறம் எல்லோரும் என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். விறகுக்கட்டையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி.

உன் பெரியப்பா சொன்னான்: "புத்தி தெளிஞ்சா வீட்டிலேயே வெச்சுக்கலாம், அண்ணன் தம்பி ஆளுக்கு ஆறு மாசம். இப்படியேன்னா நம்மால ஆகாது." டாக்டர் மே மாதம் மறுபடி வருவார். அப்போதும் இப்படியே என்றால் ஊருக்கு வெளியே இருக்கிற அந்த இல்லம். புத்தி தவறினவர்களை வைத்துக்கொள்கிற இடம். என் அக்காவை அங்கேதான் வைத்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தவள். குழாயைப் பிடுங்குகிறாள் என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். குருவி, எனக்கு இருப்பது ஒரே கை.

அந்த இடது கைதான் இதை எழுதுகிறது. பிறவியில் நான் இடது கைக்காரி. இரண்டாம் வகுப்பு டீச்சர் மரஸ்கேலால் அடித்து மாற்றினாள். அவள் நன்றாக இருக்கட்டும் என்று இன்றுவரை நான் நினைத்ததில்லை. தச்சன் ஜன்னலில் மறந்துவிட்டுப் போன பென்சிலை வைத்து, பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். அழுத்தினால்தான் எழுத்து விழுகிறது. ஆயாவின் பால்பாயிண்டும் அப்படித்தான். நாலு வரிக்குள் கை துவண்டு எழுத்து உடைகிறது. செய்தித்தாள் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். "அத்தை கிறுக்கறாங்க" என்று உன் பெரியம்மா அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

நீ பேனாக் கடையில் வேலை பார்ப்பவள். அழுத்தாமல் எழுதுகிற மைப்பேனா ஒன்று என் கைக்குத் தக்கதாகப் பார்த்து அனுப்பு. டாக்டர் கண்ணெதிரே நான் எழுத வேண்டும். துணி தேய்க்கிற அக்காவின் விலாசத்துக்கு அனுப்பு. தேய்த்த துணிக்குள் வைத்துக் கொண்டுவருவாள். என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவள் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பாட்டி

மார்ச் 14

அன்புள்ள பாட்டி,

நலமா என்று எப்படிக் கேட்பேன்? உன் கடிதத்தைக் கடையின் பின்கட்டில், பேனாப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். நான் போன் பண்ணும்போதெல்லாம் பெரியப்பா, "பாட்டிக்கு யாரையும் தெரியலம்மா, நீ வந்து அழுதுதான் போகணும்" என்றார். நான் நம்பிவிட்டேன். என்னைத் திட்டு.

இன்றைக்கே அந்த டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். "பொறுப்பாளர் யாரோ அவர்கிட்டதான் பேசுவோம்" என்று வைத்துவிட்டார்கள். பொறுப்பாளர் பெரியப்பாதானே. இங்கே வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்று லீவும் இல்லை.

பேனா விஷயம். எங்கள் முதலாளி யார் வந்தாலும் உடனே கண்ணாடி அலமாரியைத் திறக்கமாட்டார். "பேனா வாங்குறது செருப்பு வாங்குற மாதிரி. காலைப் பார்க்காம செருப்பு காட்டக்கூடாது" என்பார். அதனால் அவர் கேட்கிற கேள்விகளையே உன்னிடம் கேட்கிறேன். எதன் மேல் எழுதுவாய்? எங்கே, எப்படி உட்கார்ந்து? ஒரே மூச்சில் எவ்வளவு நேரம்? மூடி திருகுவதா, அமுக்குவதா? மை பாட்டிலில் வேண்டுமா, பேனாவுக்குள் செருகுகிற குழலில் வேண்டுமா? எவ்வளவு விலைக்குள்?

அப்பாவிடம் சொல்லட்டுமா? ஞாயிற்றுக்கிழமைதோறும் உன்னைப் பார்க்க வருகிறார் இல்லையா, அவர் சொன்னால் பெரியப்பா கேட்பார்.

என் முத்தங்கள்.
குருவி

மார்ச் 24

குருவிக்கு,

இங்கே நான் நேற்று மாதிரியே இருக்கிறேன். உனக்கு இருமல் என்று தேய்க்கிற அக்கா சொன்னாள், அவளிடம் போனில் இருமினாயாமே. வெந்நீர் குடி.

உன் முதலாளிக்குப் பதில்.

எதன் மேல் எழுதுவேன்: மருந்து அட்டைப் பெட்டியைப் பிரித்து அதன் உள்பக்கம். தேய்க்கிற அக்கா துணி சுற்றுகிற தாள். வெள்ளைத் தாளை எனக்கு யாரும் தருவதில்லை, தின்றுவிடுவேன் என்று பயமாம்.

எங்கே: படுத்தபடி. வலது கையைத் தூக்கி வயிற்றில் போட்டு, அதன் மேல் அட்டையை வைத்து. அந்தக் கைக்கு இப்போது பலகை உத்தியோகம்.

எவ்வளவு நேரம்: முன்னறையில் தொடர் ஓடுகிற வரைக்கும். நடுவில் விளம்பரம் வந்தால் நிறுத்திவிடுவேன். விளம்பரத்தில்தான் ஆயா எட்டிப் பார்ப்பாள்.

மூடி: சத்தம் வராததாக. திருகுவதற்கு இரண்டு கை வேண்டும், எனக்கு ஒரு கையும் பல்லும்தான்.

மை: பாட்டில் வேண்டாம். வாசனை வரும், கவிழும். ஒரு சொட்டு விரிப்பில் பட்டாலும் தேடுவார்கள். தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போய்விடுகிற மையாக இருக்கட்டும்.

விலை: பளபளப்பாக இருந்தால் யாராவது எடுத்துக்கொள்வார்கள். பார்த்தால் எடுக்கத் தோன்றாத பேனாவாக இருக்க வேண்டும். ஆனால் ஓசியிலும் வேண்டாம். தேய்க்கிற அக்காவிடம் என் கம்மலில் ஒன்றைக் கழற்றச் சொல்லி உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஒற்றைக் கம்மலோடுதான் இருக்கிறேன். இன்றுவரை யாரும் கவனிக்கவில்லை. என்னை எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்.

பெட்டியில் என் துணிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அலமாரிக் கதவு கிரீச்சிடுகிறபோதெல்லாம் இன்னும் எத்தனை துணி மிச்சம் என்று எண்ணுகிறேன். சீக்கிரம் அனுப்பு.

பாட்டி

ஏப்ரல் 5

அன்புள்ள பாட்டி,

இருமல் நின்றுவிட்டது. கம்மல் வந்து சேர்ந்தது. விற்கவில்லை, விற்கவும் மாட்டேன். பேனா என் சம்பளத்தில். சண்டை போடாதே.

உன் பதில்களை முதலாளியிடம் படித்துக் காட்டினேன். பாதியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பிறகு எல்லாவற்றையும் அவரே எடுத்தார். தங்க நிப்பு வைத்ததைத் தொட்டுவிட்டு வைத்துவிட்டார், அது உன் கைக்குக் கனம். கடைசியில் எடுத்தது பள்ளிப் பிள்ளைகள் வாங்குகிற பிளாஸ்டிக் பேனா. சாம்பல் நிறம். யாருக்கும் எடுக்கத் தோன்றாது. மூடி அமுக்கினால் சத்தமில்லாமல் உட்காரும்.

இடது கைக்காரர்கள் பேனாவை இழுப்பதில்லை, தள்ளுகிறார்கள். கூர்மையான நிப்பு தாளைக் குத்தும். அதனால் முனையைத் தேய்த்து உருட்டியிருக்கிறார். எழுதின ஈரத்தின் மேலேயே உன் கை போகும், ஆகவே மெல்லிய கோடு, சட்டென்று காய்கிற மை. நீ கேட்டபடி தண்ணீரில் போய்விடுகிற நீலம். அழுத்தவே வேண்டாம். பேனாவின் எடையே போதும், நீ வழி மட்டும் காட்டு.

டாக்டர் வருகிற அன்று இரண்டே வரி எழுதிக் காட்டு, போதும். பாட்டி, அப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தேனே?

குருவி

ஏப்ரல் 16

குருவிக்கு,

நீயும் உன் முதலாளியும் நன்றாக இருங்கள். தலையணை உறைக்குள் வந்தது பேனா. தொடர் தொடங்கினதும் மூடியைப் பல்லால் இழுத்தேன். அட்டையில் வைத்ததும் அதுபாட்டுக்கு ஓடியது. முதலில் என் பெயரை எழுதினேன். நான் இருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தைரியம் வந்தது. விரிப்பில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்து, நாக்கில் விரலை நனைத்துத் துடைத்தேன். போய்விட்டது.

நேற்று அந்த இல்லத்திலிருந்து ஒருத்தி வந்தாள். நல்ல சிரிப்பு. என் கட்டிலை அளந்தாள். "கை கால் அசைப்பாங்களா? எதையாவது பிடுங்குவாங்களா?" என்று கேட்டாள். "இடது கை மட்டும் சும்மா இருக்காது" என்றாள் ஆயா. வந்தவள் அதைக் குறித்துக்கொண்டாள். குருவி, அவள் போன பிறகு என் கையை விரிப்புக்குள் ஒளித்து வைத்தேன், யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்கிற மாதிரி.

டாக்டர் மே இரண்டாம் தேதி வருகிறார். எழுத வேண்டியதை முன்னாலேயே எழுதித் தலையணைக்கு அடியில் வைத்துவிடப் போகிறேன். பதற்றத்தில் கை நடுங்கினால் அதையாவது நீட்டலாம்.

நீ கேட்ட மற்றதற்கு எழுத இன்று கை வலிக்கிறது.

பாட்டி

ஏப்ரல் 25

அன்புள்ள பாட்டி,

உன் எழுத்து எவ்வளவு நேராக இருக்கிறது! முதலாளி அதைக் கடையில் இரண்டு பேருக்குக் காட்டிவிட்டார்.

ஒரு நல்ல செய்தி. என்னால் பொறுக்க முடியவில்லை, அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அப்பா, பாட்டிக்கு எல்லாம் புரியுதுப்பா, எழுதறாங்க, தலையணைக்கு அடியில எழுதி வெச்சிருப்பாங்க, டாக்டர்கிட்ட காட்டப் போறாங்க" என்றேன். டாக்டர் என்றைக்கு வருகிறார் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "சரிம்மா, நானும் அன்னிக்கு அங்க இருக்கேன். பாத்துக்கறேன்" என்றார். இனி நீ தனியாக இல்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மே மூன்றாம் தேதியிலிருந்து உன் கடிதத்துக்காகக் காத்திருப்பேன்.

குருவி

மே 20

குருவிக்கு,

மறுபடி தச்சன் பென்சில்தான். மங்கலாக இருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் படி. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபிக்காதே. பென்சிலை அழுத்தி அழுத்தி நாளுக்கு இரண்டு வரிதான் விழுந்தது.

அன்று டாக்டர் அவசரமாக வந்தார். கண்ணில் டார்ச் அடித்தார். நான் தலையணைக்கு அடியில் கையை விட்டு அட்டையை எடுத்தேன். நெஞ்சின் மேல் வைத்தேன். அவர் அப்போது பெரியப்பாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டு திரும்பியிருந்தார். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. அட்டை முழுக்கத் தண்ணீர். டாக்டர் திரும்பிப் பார்த்தபோது என் நெஞ்சில் நீலமாக ஒரு குட்டைதான் இருந்தது. நான் கேட்டு வாங்கின மை. துடைத்தால் போகிற மை. பேனாவுக்காகத் தலையணைக்கு அடியில் துழாவினேன். அதுவும் இல்லை.

நான் கத்தினேன். எனக்கு வருகிற சத்தம் உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். "பாவம், ரொம்ப அலட்டிக்கறாங்க" என்றார் டாக்டர். ஊசி போட்டார். ஜூன் பதினான்காம் தேதி வந்து கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவாராம். இல்லத்தில் அதற்கு மறுநாள் இடம் சொல்லியாகிவிட்டது.

இனி தாள் எனக்கு நிற்காது. யாராலும் பிடுங்கிக்கொண்டு போக முடியாத இடத்தில் எழுத வேண்டும். எனக்கென்று ஒரு இடம் இருக்கிறது. வலது கை. குத்தினாலும் தெரியாது. டாக்டர் வந்தால் ரப்பர் சுத்தியலால் அந்தக் கையைத்தான் தட்டிப் பார்ப்பார். தோலில் எழுதுகிற பேனாவும், தண்ணீர் ஊற்றினாலும் போகாத மையும் வேண்டும்.

நீ யாரிடம் சொன்னாய் என்பதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. இனி யாரிடமும் சொல்லாதே.

பாட்டி

மே 30

பாட்டி,

உன் கடிதத்தைப் படித்தேன். அப்பாவுக்குப் போன் மேல் போன் போடுகிறேன், எடுப்பதில்லை. நான் சொன்னதால்தானா? ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

முதலாளியிடம் "தோல் மேல எழுதணும் சார்" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இந்தத் தடவை நிப்பு அகலமானது, மெல்லியது தோலைக் கீறிவிடும். மை கருநீலம், சோப்புப் போட்டாலும் இரண்டு மூன்று நாள் நிற்கும். அவர் தன் கையிலேயே எழுதிப் பார்த்தார். "காக்கா கிறுக்கின மாதிரி பரவுது, ஆனா படிக்க முடியுது" என்றார். எழுத்தைப் பெரிதாகப் போடு. காய்கிற வரை சட்டைக்கையை இறக்காதே. விரிப்பில் பட்டால் இது போகாது, ஜாக்கிரதை. மூடியில் கொக்கி வைத்திருக்கிறது, ஜாக்கெட்டுக்குள் மாட்டிக்கொள்ளலாம்.

லீவு அடுத்த மாதக் கடைசியில்தான் தருவார்களாம். அழுதும் பார்த்துவிட்டேன்.

அப்பாவைப் பற்றி நான் கேட்டதற்கெல்லாம் நீ ஏன் பதிலே எழுதவில்லை, பாட்டி?

குருவி

ஜூன் 17

குருவிக்கு,

இருக்கிறேன். வீட்டில்தான் இருக்கிறேன். முதலில் அதைப் படித்து மூச்சு விட்டுக்கொள், பிறகு உட்கார்ந்து மற்றதைப் படி.

பதினான்காம் தேதி காலையில் ஆயா குளிப்பாட்டி, முழுக்கைச் சட்டை மாட்டிவிட்டு, துணி உலர்த்தப் போனாள். தலையணை உறைக்குள் ஒளித்திருந்த புதுப் பேனாவை எடுத்து, சட்டைக்கையை மேலே தள்ளி எழுதினேன். என் தோல் சுருக்கத்தில் எழுத்து ஏறி இறங்கியது. "எனக்கு எல்லாம் புரிகிறது. கையைக் கட்டாதீர்கள்." காயட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தபோது ஆயா திரும்பி வந்துவிட்டாள். கிளிப் எடுக்க வந்தாளாம். நின்றாள். என் கையைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்க வரும். பிறகு சட்டைக்கையை இறக்கி மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுவிட்டு, கிளிப்பை எடுக்காமலே போய்விட்டாள்.

டாக்டர் வந்தார். உன் பெரியப்பா, பெரியம்மா, ஆயா. உன் அப்பா வரவில்லை, வேலையாம். டாக்டர் என் கையைத் தொடவே இல்லை. "இதுல புதுசா பார்க்க ஒண்ணுமில்ல, கையெழுத்துப் போட்டுடறேன்" என்று பெட்டியைத் திறந்து தாளை எடுத்தார். பேனாவையும் எடுத்தார். குருவி, அந்த நேரத்தில் வந்த பயம் எந்தப் பிரசவத்திலும் எனக்கு வந்ததில்லை. பெட்டிக்குள் அந்த ரப்பர் சுத்தியல் தெரிந்தது. கம்பி வழியாகக் கையை நீட்டி அதைப் பிடுங்கினேன். என் வலது கையில் நானே தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன்.

"அய்யோ, சுத்தியலை வாங்குங்க!" என்றாள் பெரியம்மா.

"பொத்தானைக் கழட்டிப் பாருங்க டாக்டர்" என்றாள் ஆயா. டாக்டர் முன்னால் அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் சட்டைக்கையைச் சுருட்டினார். தலையைச் சாய்த்துப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு அவர் முகத்தை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, "இதை யார் எழுதினது?" என்றார். சட்டைக்குள்ளிருந்து பேனாவை எடுத்தேன். அவர் கையெழுத்துப் போட வைத்திருந்த தாளைத் திருப்பி என் வயிற்றின் மேல் வைத்தார்.

"இவங்க யாருன்னு எழுதுங்க" என்று பெரியம்மாவைக் காட்டினார். எழுதினேன்: பெரிய மருமகள். கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டார் எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் கொடுக்கவில்லை.

டாக்டர் சத்தமாகப் படித்துவிட்டார். "அத்தை, அதை இன்னுமா வெச்சிருக்கீங்க!" என்று கத்தினாள் அவள். கத்திவிட்டு அழுதாள். உன் பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது. டாக்டர், "நாக்குதான் படுத்திருக்கு. நான் இந்த இடது கையைப் பார்க்காம விட்டுட்டேன்" என்றார். தாளைக் கிழித்தார்.

பெரியப்பா இல்லத்துக்குப் போன் போட்டு வேண்டாம் என்றான். அவன் பேச்சு மாறாதவன். ஆளுக்கு ஆறு மாதம். இதுவரை அவன் பார்த்தாகிவிட்டது. வருகிற ஒன்றாம் தேதி உன் அப்பா வீட்டுக்குப் போகிறேன். உன் அறையில் எனக்குக் கட்டில் போடுவார்களாம்.

இப்போது நீ கேட்டுக் கேட்டு நான் எழுதாமல் விட்டது. நீ சொன்னதில் தப்பில்லை. பெற்ற தகப்பனிடம்தானே சொன்னாய். உன்னை இதற்குள் இழுக்கக் கூடாது என்றுதான் என் கை வலித்தது.

முதல் நாள் டாக்டர், "ஆளுக்கொரு கையைப் பிடிங்க, அழுத்தறாங்களான்னு சொல்லுங்க" என்றார். பெரியப்பா வலது கையைப் பிடித்தான். செத்த கை. "இல்ல சார்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. உன் அப்பா இடது கையைப் பிடித்தான். நான் அழுத்தினேன். இருக்கிற பலமெல்லாம் சேர்த்து அழுத்தினேன். அவன் விரல் வெளுத்தது. குனிந்து கையைப் பார்த்தான், பிறகு என் கண்ணைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, "ஒண்ணுமே இல்ல சார்" என்றான். ஆறு மாத முறைக்குப் பயந்துவிட்டான். டம்ளரைக் கவிழ்த்ததும் அவன்தான். "தண்ணி குடிம்மா" என்று பக்கத்தில் வந்தான். இன்னொரு கையால் என் தலையணையைச் சரிசெய்தான். பேனா அதோடு போயிற்று.

அவன் வீட்டில் என் கட்டில் பக்கம் யார் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள் என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். லீவு கிடைத்ததும் வந்துவிடு. கருநீல மை இன்னும் கொஞ்சம் கொண்டுவா.

பெரியம்மாவை விட்டுவிட்டேன். அவள் என் மலம் அள்ளினவள், காபியோடு கணக்கு தீர்ந்தது. டாக்டரை விட்டுவிட்டேன். ஆயாவை வாழ்த்துகிறேன். வேண்டுமானால் அந்த டீச்சரையும் இன்றோடு விட்டுவிடுகிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டே இல்லை என்று சொன்ன ஒருத்தனைத்தான் மன்னிக்கமாட்டேன். என் சின்ன மகனை. உன் அப்பாவை.

பாட்டி